நடவு முடிந்த மாதங்களில் படித்த புத்தகம்

தஞ்சாவூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகக் கிளம்பிக் கோடியக்கரை வரை போய்ப் பறவை பார்த்துவிட்டு வருகிறவர்கள். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும் மாதங்களில் என்ன படிக்கலாம், உங்கள் காலத்தில் என்ன படித்தீர்கள் என்று எழுதித் தரும்படி வீட்டுக்கு வந்து கேட்டார்கள். பத்துப் புத்தகங்களின் பெயராவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் சொல்லக்கூடியது ஒரே ஒரு புத்தகம். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அதை வைத்து ஒரு மனிதர் தன் ஆறு மா நிலத்தை இழந்ததையும் எழுத வேண்டும். இழந்தார் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. இழக்கவைத்ததில் எனக்குப் பங்கு உண்டு.

அறுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊருக்கு வரும் சாலை வெறும் களிமண். கோடையில் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்தால் மாட்டு வண்டியே அச்சு வரை இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளுக்கு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. ஒருமுறை அப்படி நின்றுபோன என் வண்டியை நாலு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிரே புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மாள் ஒதுங்கி நின்று, "யாரு போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்குப் பிறகு ஐப்பசி முதல் தை மாதம் பாதி வரை வண்டியை வைக்கோல் கொட்டகையின் ஓரத்தில் பலகை மேல் ஏற்றி நிறுத்திவிடுவேன்.

அது இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி. முந்நூற்றைம்பது சி.சி., ஒற்றை சிலிண்டர். பி.ஏ. முடித்து ஊரில் சும்மா இருந்தபோது, தஞ்சாவூரில் ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடம் வாங்கினேன். அவர் வண்டியோடு ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். நீலத் துணி அட்டை போட்ட பழுதுபார்க்கும் கையேடு. என்ஜினைக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பையும் கழன்ற வரிசையிலேயே காற்றில் நிறுத்திவைத்த மாதிரிப் படங்கள். வேறு படிப்பும் இருந்தது. அதிராம்பட்டினத்தில் பீங்கான் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயருக்கு மலேயாவிலிருந்து சரக்கு வரும். கோப்பைகளைச் சுற்றி வரும் காகிதத்தில் ஆங்கில மோட்டார் பத்திரிகைகள் இருக்கும். அவர் அவற்றை நீவி அடுக்கி எனக்காக எடுத்துவைப்பார். பந்தயச் செய்தியில் ஜெயித்தவன் பெயர் இருக்கும் இடத்தில் சில சமயம் கோப்பையின் வட்டம் மட்டும் பதிந்திருக்கும். இருந்தாலும் மழை மாதங்களில் நான் அட்டை முதல் அட்டை வரை படித்தது அந்தக் கையேட்டைத்தான்.

படித்ததன் விளைவாக முதல் வருஷ ஐப்பசியிலேயே என்ஜினைப் பிரித்துவிட்டேன். பிரிப்பதற்குப் படிப்பு போதும். பூட்டுவதற்குக் கை வேண்டும். ஒரு வாரம் கொட்டகையில் உட்கார்ந்து, கோணி மேல் பரப்பிவைத்த உறுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாளோ என்னவோ அவர் வந்தார். எங்கள் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் குத்தகை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன், அவர் என்னைச் 'சின்னய்யா' என்றார். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது என் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. ஆற்றங்கரையில் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜினை ஓட்டிப் பழகியவர். வைக்கோல் கேட்க வந்தவர் கோணியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அந்த வளையம் தலைகீழா இருக்குங்க சின்னய்யா."

"புத்தகத்துல இப்படித்தான் போட்டிருக்கு."

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். அது கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து வரைந்த படம். எனக்கு அது தெரியவில்லை, அவருக்கு உடனே தெரிந்தது.

"புத்தகம் சரியாத்தான் இருக்கு. நீங்க கூரையில நின்னு பார்க்கறீங்க. அவன் தரையில படுத்துக்கிட்டு வரைஞ்சிருக்கான்."

அன்று ஆரம்பித்தது. அதன் பிறகு மூன்று வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அநேகமாகத் தினமும் வந்தார். விடியும்போது தன் வயலைச் சுற்றி வருவார். வரப்பு உடைந்திருக்கிறதா, வடிகால் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பத்து மணிக்குக் காலைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்கு வருவார். சாயங்காலம் மறுபடி வயலுக்குப் போவார். எங்கள் பக்கம் சம்பாவுக்குப் புரட்டாசிக்குள் நடவு முடிந்துவிடும். களையைப் பெண்கள் எடுப்பார்கள். அதற்கப்புறம் மழைதான் பயிரை வளர்க்கும். தை அறுப்பு வரை ஆண்களுக்குப் பகல் பொழுது நீளம். அதை அவரவர் ஒரு விதமாகக் கழித்தார்கள். நாங்கள் கையேடு படித்தோம்.

நான் ஒரு வரியை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் செய்வார்.

"'வண்டியை ஈரமில்லாத, காற்றோட்டமான அறையில் வைக்கவும்.'"

அவர் கூரையைப் பார்த்தார். மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அடுத்ததைப் படிங்க" என்றார்.

வால்வுக்கும் அதைத் தள்ளும் தண்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை அளக்க ஒரு தகடு வேண்டும் என்று போட்டிருந்தது. எங்களிடம் இல்லை. சவர பிளேடைச் செருகிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதுவார். படங்களுக்குக் கீழே பென்சிலால் அவரே பெயர் வைத்தார். 'மேல் வளையம்', 'அடி வளையம்', 'கோவக்கார ஸ்பிரிங்'. அந்த ஸ்பிரிங் ஒருமுறை தெறித்து என் மூக்கில் அடித்திருந்தது.

பத்திரிகைகளையும் படித்துக் காட்டுவேன். இங்கிலாந்தில் பனி விழும் மாதங்களில் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்று வந்தது.

"அங்கேயும் மூணு மாசம் சும்மாதானா? அப்ப வெள்ளைக்காரன் என்ன பண்ணுவான்?"

"நம்ம மாதிரி உட்கார்ந்து படிச்சுக்கிட்டிருப்பான்."

"படிக்கிறவன் ஒருத்தன் இருப்பான். மண்ணெண்ணெய்ல கையை விட்டுத் துடைக்கிறவன் ஒருத்தன் இருப்பான்ல? அவனைப் பத்திப் போட்டிருக்கானா, பாருங்க."

போட்டிருக்கவில்லை. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வாசலில் 'சின்னய்யா' என்று அழைக்கிறவர், கொட்டகைக்குள் வந்தால் 'ஏங்க' என்று கூப்பிடுவார். அந்த மாற்றத்தை நான் கவனித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

அவருக்கு நான் கூலி எதுவும் கொடுத்ததில்லை. அவர் கேட்டதுமில்லை. காபி வரும். பொங்கலுக்கு ஒரு வேட்டி கொடுப்பேன்.

ஆட்சி மாறியிருந்த காலம். ஊர்ச் சுவர்களில் இரண்டு நிறக் கொடி எழுதியிருந்தது. கிழக்கே கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்திய ஊர்களிலிருந்து கெட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. அப்பா வாசலில் படுப்பதை விட்டு உள்ளே படுக்க ஆரம்பித்தார். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. ஏறாதவர் வெறும் கூலியாள். எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்.

எங்கள் ஊரில் குத்தகை என்பது வாய்ப் பேச்சு. நெல்லைக் களத்தில் அளந்து கொடுப்பார்கள். ரசீது கேட்பது அவமரியாதை, கொடுப்பதும் வழக்கமில்லை. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் பயிர்ப் பதிவில் அந்த ஆறு மா அப்பாவின் சொந்தப் பயிர் என்றே வருஷா வருஷம் எழுதப்பட்டிருந்தது. அதனால் அவரும் தன் பெயரை ஏற்றச் சொல்லி மனு போட்டபோது அவர் பக்கம் காகிதம் ஒன்றுமில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டே போட்டார். தோளில் துண்டோடு வந்து நின்று, "மனு கொடுத்திருக்கேங்க. தப்பா எடுத்துக்க வேணாம்" என்றார். துண்டை அவர் இறக்கவில்லை. அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு தஞ்சாவூரிலிருந்து வக்கீல் வந்தார். சாப்பிட்ட பிறகு, "அந்த ஆள் வீட்டுப் பக்கம் வருவானா? வேற ஏதாவது வேலை செய்வானா?" என்று பொதுவாகக் கேட்டார். நான்தான் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். என் வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறவர் அவர்தான், மழைக்காலம் முழுக்க எங்கள் கொட்டகையில்தான் இருப்பார், புத்தகத்தில் அவர் எழுதிவைத்திருப்பதைப் பாருங்கள் என்று கையேட்டையே எடுத்து வந்து காட்டினேன். வக்கீல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எண்ணெய்க் கைரேகைகள், பென்சில் எழுத்து.

"ஐப்பசி, கார்த்திகை தினமுமா?"

"ஆமா."

"இதை அன்னிக்குக் கொண்டு வாங்க தம்பி."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு பொய்யும் சொல்ல வேணாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. வந்த அதிகாரி மானாவாரிச் சீமைக்காரர். நல்ல மனிதர், எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்த ஊரில் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை விழுந்தால் அங்கே சம்சாரி என்கிற விவசாயி சோற்றுக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டான். உழுது விதைக்கும் காலம் அதுதான். காவிரித் தண்ணீரில் நட்டுவிட்டு மழையில் சும்மா இருக்கும் சாகுபடியை அவர் அறிந்தவர் இல்லை.

வக்கீல் கையேட்டை மேசையில் வைத்தார்.

அதிகாரி மனு போட்டவரிடம் கேட்டார். "இந்த எழுத்து உம்முடையதா?"

"ஆமாங்க." குரலில் பெருமை இருந்தது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "என்ஜின் முழுக்க நான்தாங்க பூட்டினேன். புத்தகத்தை அவங்க படிச்சாங்க."

"எந்த மாசம் இந்த வேலை?"

"ஐப்பசி, கார்த்திகைங்க. மார்கழியில கொஞ்சம்."

"தினமுமா? எவ்வளவு நேரம்?"

"பத்து மணிக்கு வந்தா சாயங்காலம் வரைக்குங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பயிர் நிக்கிற காலத்துல, நல்ல மழையில, பகல் முழுக்க மோட்டார் சைக்கிள் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்னு சொல்றீர். சாகுபடி நான்தான்னும் சொல்றீர். எப்படிய்யா?"

"நடவு முடிஞ்சிடும்ங்க. அதுக்கப்புறம் வயல்ல வேலை இல்லைங்க."

"விவசாயிக்கு மழையில வேலை இல்லையா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே நம்பமுடியாமல் கேட்டார். வக்கீல் லேசாகச் சிரித்தார். கர்ணம் தன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கும் மனு போட்டவர் சொன்னது சரி என்று தெரியும். அவர்களில் பாதிப் பேர் எங்கள் நிலத்தை நம்பியிருந்தவர்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "சின்னய்யாவைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

அவர் முகத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. சந்தேகமும் இல்லை. கொட்டகையில் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டுவிட்டு நான் சொல்லக் காத்திருப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

அதிகாரி கேட்டார். "ஐப்பசி, கார்த்திகையில இவர் பகல் முழுக்க உங்க வீட்டுலதான் இருந்தாரா?"

"ஆமாம்" என்றேன்.

"ஏதாவது கொடுப்பீங்களா?"

"பொங்கலுக்கு வேட்டி கொடுப்பேன்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டார். கேட்டதுக்கு மட்டும் பதில் என்று அப்பா சொன்னதற்கு இதுவும் பொருந்தும். ஒரு வாக்கியம் போதும். எங்கள் பக்கம் நடவு முடிந்தால் எல்லா விவசாயியும் இப்படித்தான் சார். அதைச் சொல்ல ஆங்கிலமும் வேண்டாம், பி.ஏ.யும் வேண்டாம். அப்பா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

"ஒண்ணுமில்லை சார்" என்றேன்.

மனு தள்ளுபடி ஆனது. அவர் வீட்டு ஊழியர், சாகுபடிதாரர் என்பதற்கு ருசு இல்லை என்று எழுதினார்கள். அந்த வருஷத்துச் சம்பா கதிர் வாங்கி நின்றது. அவர் நட்ட பயிரை எங்கள் ஆட்கள் அறுத்தார்கள். அவர் களத்துக்கு வரவில்லை. மேலே முறையிட விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டபோது, "சின்னய்யாவே ஆமாம்னு சொன்னப்புறம் நான் எங்கே போய் இல்லேன்னு சொல்றது" என்றாராம். தை முடிவதற்குள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார்.

கையேடு திரும்பி வந்தது. அடுத்த ஐப்பசியில் வண்டியைப் பலகையில் ஏற்றினேன். திறந்து படித்தேன். படிக்க முடிந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். பென்சில் எழுத்து இருந்த பக்கங்களைத் தள்ளிவிட்டு மற்றதைப் படித்தேன். பிரித்த கிளட்சைப் பூட்டத் தெரியாமல், தையில் சாலை இறுகியதும் வண்டியைத் தஞ்சாவூருக்கு லாரியில் ஏற்றி அனுப்பி, அங்கேயே விற்றுவிட்டேன். புத்தகத்தையும் வாங்கியவரிடம் கொடுத்தேன். பிறகு மேலே படித்து, கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அப்பா போன பிறகு என் பாகமாக வந்த நிலத்தில் அந்த ஆறு மாவும் இருந்தது. அப்போது அவரைத் தேடியிருக்கலாம். விற்றேன். இதை எழுதுகிற வீடு அந்தப் பணத்தில் கட்டியது.

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடினேன். பூம்புகாரில் படகு என்ஜின்களுக்குப் பழுது பார்க்கிறார் என்று தெரிந்து போனேன். கடற்கரைப் பக்கம் கீற்றுக் கொட்டகை. கண்ணாடி போட்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பேச ஆரம்பித்ததும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க சார்" என்றார். சார் என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானும் அன்றுதான் அவரை 'நீங்க' என்றேன்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நீங்க என்னைத்தான் பார்த்தீங்க. நான் சொல்லல."

அவர் கையிலிருந்த கார்புரேட்டரை ஊதி ஓரமாக வைத்தார்.

"நீங்க பொய் ஏதும் சொல்லலையே. அதுதான் சார் கஷ்டம். பொய் சொல்லியிருந்தா, பொய் சொல்லிட்டான்னு நாலு பேர்கிட்ட சொல்லி ஆத்திக்கிட்டிருப்பேன். உங்களைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கல. என் பொண்டாட்டிக்குக் கிடைச்சுது. நல்லாவே கிடைச்சுது."

பிறகு அவரே சொன்னார். "ஒண்ணு செய்யுங்க. அந்த ஆறு மாவை நான்தான் பயிர் பண்ணேன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. உங்க கையெழுத்தோட."

"எதுக்கு?" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. நிலம் வேறு கைக்குப் போய்ப் பல வருஷமாகியும், வழக்கு வருமோ, வாங்கியவர் கேட்பாரோ என்ற பயம் என் வாய்க்குள் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறது. அவருக்கு அது கேட்டது.

"பேரன் காலேஜ்ல படிக்கிறான். நமக்கு நிலம் இருந்துதா, இல்ல கூலிக்குத்தான் உழுதோமான்னு கேக்கறான். நான் சொன்னா, 'சும்மா சொல்லாதீங்க தாத்தா'ங்கறான். அதுக்குத்தான்." கார்புரேட்டரை மறுபடி கையில் எடுத்தார். "பரவாயில்ல, விடுங்க சார். டீ சொல்லட்டுமா?"

இப்போதே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். தாள் கொடுங்கள் என்று கேட்டேன். டீ வந்தது. தாளைப் பற்றி அவர் அதற்கு மேல் பேசவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பேரனுக்கு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி போனபோது கொட்டகையில் வேறு ஒருவர் இருந்தார். முன்பு இருந்த பெரியவர் இறந்துவிட்டதாகச் சொன்னார். தபால் அதற்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. பேரன் எங்கே இருக்கிறான் என்றும் தெரியவில்லை. பெயரைப் போட அந்தக் குடும்பத்தில் அனுமதி கேட்க எனக்கு யாரும் அகப்படவில்லை. அதனால் பெயர் இல்லாமல், அன்று அனுப்பியதை இங்கே மறுபடி எழுதுகிறேன். அந்தப் பேரன் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்வான்.

எங்கள் குடும்பத்துக்கு இருந்த நிலத்தில், வடிகால் வாய்க்காலுக்குத் தெற்கே உள்ள ஆறு மாவை உன் கொள்ளுத்தாத்தாவும், அவருக்குப் பிறகு உன் தாத்தாவும் குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். உழுததும், நாற்று விட்டதும், நட்டதும், தண்ணீர் கட்டியதும் அவர்கள். நெல்லை அவர்கள் அளந்து கொடுக்க, நாங்கள் வாங்கிக்கொண்டோம். உன் தாத்தா எங்கள் வீட்டு வேலைக்காரர் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவர் பகலில் எங்கள் கொட்டகையில் இருந்தது, தன் வயலில் நடவை முடித்துவிட்டு வந்ததால்.